அஞ்சு எண்ணுங்க, சார்

ஜூன் 11, புதன்

நிலோஃபர் மேடம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் என் மனைவி பிரபாதான் கோலப் புள்ளி வைத்துப் பார்ப்பாள்.

"பாப்பா என்ன சொன்னா, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்தது, சொன்ன பிறகு அவளுக்கு என்ன கிடைச்சது. இந்த மூணு மட்டும் எழுதுங்க சார். வேற எதுவும் வேண்டாம்" என்றார் மேடம்.

வேறு எதுவும் இல்லாமல் எழுத எனக்கு வராது. என் பெயர் சென்னியப்பன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில், பத்தொன்பது வருடமாக சேல்ஸ்மேன். ஒரு அம்மா படியேறி வரும்போதே அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் வாய் திறப்பதற்குள் சேலை விரிந்திருக்கும். ஃப்ளோர் மேனேஜர் ஆறுமுகசாமி அண்ணன் புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "இந்தாளைப் பாத்துக் கத்துக்கங்கடா, கேக்கவே விடமாட்டான்" என்பார்.

என் மகள் இதழினிக்கு நாலு வயது. நன்றாகப் பேசுவாள். சொல்லப்போனால் நிறையப் பேசுவாள். ஆனால் அவளுக்கு வேண்டியதைக் கேட்க மாட்டாள். பிப்ரவரியில் கோயமுத்தூர் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. அவர்தான் குழந்தைகளுக்கான இந்தப் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்.

இங்கே பயிற்சி கொடுக்கும் நிலோஃபர் மேடத்துக்கு இருபத்தேழு வயது இருக்கும். இன்று ஒரு கண்ணாடி ஜாடியில் முறுக்கைப் போட்டு இறுக்கி மூடி இதழினி முன்னால் வைத்தார். இதழினி என் கையைப் பிடித்து இழுத்து மூடியின் மேல் வைத்தாள். நான் திறந்து கொடுத்தேன். குழந்தை கேட்கிறது, கொடுக்காமல் என்ன செய்வது?

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார் மேடம்.

மறுபடி மூடினார். மறுபடி திறந்துவிட்டேன். மூன்றாவது முறை என்னை வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு பையனுக்கு வெல்க்ரோ ஒட்டிக் கொடுத்தேன். அவனுக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்ததாம்.

ஜூன் 12, வியாழன்

சொன்னது: "வாங்க்கா, வாங்க. பாக்கறதுக்குக் காசு இல்லீங்க. உள்ள வந்து பாருங்க." (கடையில் நான் சொல்வது, அப்படியே.)

முன்னால் நடந்தது: கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார்.

பின்னால் கிடைத்தது: அவர் சிலிண்டரோடு உள்ளே வந்து, இதழினி சொன்ன இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று மேடம் பிரபாவிடம் விளக்கமாகச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். பேச்சு என்பது ஒரே வேலை இல்லையாம், நாலு வேலையாம். வேண்டியதைக் கேட்பது. பார்த்ததற்குப் பெயர் சொல்வது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது. கேள்விக்குப் பதில் சொல்வது. ஒரே வார்த்தைதான், ஆனால் ஒரு வேலைக்குத் தெரிந்த வார்த்தை இன்னொரு வேலைக்குத் தானாக வராதாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் என்று தெரிந்தவளுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாதா?

சோதித்துப் பார்த்தேன். சொம்பைக் காட்டினேன். "தண்ணி" என்றாள், கணீரென்று. பிரபாவின் சேலைகளை எடுத்துக் காட்டினேன். "கிளிப்பச்சை. அரக்கு. மாம்பழ மஞ்சள். கத்தரிப்பூ." கடையில் மூன்று வருடம் வேலை பார்த்த பையனுக்கு அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. மதியம் வெயிலில் விளையாடிவிட்டு வந்தாள். தாகம் என்று முகமே சொல்கிறது. தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நின்று அழுதாள். அரை மணி நேரத்துக்கு முன் கணீரென்று சொன்ன வார்த்தை வரவே இல்லை.

நான் மோந்து கொடுத்துவிட்டேன். பிரபா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நல்ல சுபாவம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குக் கால் கிலோ மிக்சர் வாங்கி வருவேன். கேட்காமலே வாங்கி வருவேன். இன்றும் வாங்கி வந்தேன்.

ஜூன் 18, புதன்

மையத்தில் மேடத்திடம் நேரடியாகவே கேட்டேன். "நான் கேக்காமயே குடுத்ததாலதான் இவளுக்கு இப்படி ஆச்சுங்களா?"

"இல்ல சார். இது உங்களால வந்ததில்ல, அம்மாவால வந்ததில்ல. யாராலயும் இல்ல. ஆனா இனிமே உங்களால ஆகக்கூடியது இருக்கு."

"என்ன பண்ணோணுங்க?"

"ஒண்ணுமே பண்ணாதீங்க. அவளுக்குப் பிடிச்சதை எட்டாத இடத்துல வைங்க. அவ உங்களைப் பார்த்ததும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. வரலைன்னா வார்த்தையை நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. அவ எப்படிச் சொன்னாலும், பாதி சொன்னாலும், அந்த நொடியே குடுத்துடுங்க. சொன்னா கிடைக்கும்னு அவளுக்குத் தெரியணும். அழ விட்டு வேடிக்கை பாக்கறது இல்ல. வாய்ப்புக் குடுக்கறது."

அஞ்சு எண்ணுவது பெரிய வேலையா என்று நினைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மூன்று. ஆனால் வேகமாக எண்ணினேன்.

ஜூன் 24, செவ்வாய்

பழக்கம் வரட்டும் என்று கடையில் எண்ணிப் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தப் பட்டுதான், சந்தேகமே இல்லை. கை தானாக அலமாரிக்குப் போயிற்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாலில் அவர், "உங்களுக்கு உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். ஐந்தில், "இல்லீங்க, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"கல்யாணத்துக்கெல்லாம் இல்லீங்க. பத்திரிகை வழியில குடுத்தாங்க. நீச்சல் கத்துக்கலாம்னு இருக்கேன். டிரெஸ் எந்த மாடியிலீங்க?"

மூன்றாவது மாடிக்கு அனுப்பிவைத்தேன். ஆறுமுகசாமி அண்ணன் ஓடி வந்தார். "ஏப்பா, பொம்மையாட்ட நிக்கற? ஒரு சேலை விரிக்கல, கஸ்டமர் மாடியேறிப் போயிட்டாங்க!"

பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேருக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்பினேனோ என்று சாயங்காலம் வரை ஒரே யோசனை.

ஜூலை 2, புதன்

வரவேற்பறை உத்தரத்தில் பழைய சேலையில் தூரி கட்டியிருக்கிறோம். இதழினிக்கு அதில் ஆடுவதென்றால் உயிர். மேடம் சொன்ன வழி: மூன்று முறை ஆட்டி, நிறுத்தி, காத்திருப்பது.

நேற்று நான் கடையில் இருந்தபோது பிரபா ஆட்டி நிறுத்தியிருக்கிறாள். இதழினி திரும்பிப் பார்த்து, "ஆட்டு" என்றாளாம்.

முதல் முதலாக, தனக்கு வேண்டியதை, தன் வாயால், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

பிரபா போனில் சொன்னபோது நான் பட்டுப் பிரிவில் இருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏசி அதிகமாக இருந்ததால் கண்ணில் நீர் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்து தூரியை ஆட்டி நிறுத்தினேன். என்னிடம் சொல்லவில்லை. நான் நிறுத்தியதே தெரியாத அளவுக்குச் சீக்கிரம் மறுபடி ஆட்டிவிட்டேன் என்கிறாள் பிரபா.

அடுத்த வீட்டு வாத்தியாரிடம், "எங்கிட்ட ‘ஆட்டு’ன்னு சொன்னாளுங்க" என்று சொல்லிவிட்டேன். பிரபா பக்கத்தில்தான் இருந்தாள். மறுக்கவில்லை.

ஜூலை 5, சனி

இதழினி ரொம்பக் கரிசனமான பெண்ணாகிவிட்டாள். என் அருகில் வந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறாள். "அப்பாக்கு வேண்டாங்கண்ணு" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி மறுத்தேன். பெற்ற பெண்ணுக்கு அப்பாவின் மேல் இருக்கிற அக்கறை!

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஐந்து முறை கேட்டாள், தண்ணி வேணுமா என்று. ஐந்தாவது முறை அழுதுவிட்டாள். எனக்கும் மனசு தாங்கவில்லை. அவள் திருப்திக்காக ஒரு சொம்பு நிறையக் குடித்தேன். இன்னும் அதிகமாக அழுதாள்.

மிக்சர் வாங்கி வந்தேன்.

ஜூலை 9, புதன்

அவள் எனக்காகக் கேட்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

மேடம் என் டைரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சிரித்தார் என்று நினைக்கிறேன். "சார், தண்ணி வர்றதுக்கு முன்னாடி நீங்க வழக்கமா என்ன சொல்வீங்க?"

"‘தண்ணி வேணுமா’ன்னு கேப்பேனுங்க."

"அதைத்தான் அவ சொல்றா. அவளைப் பொறுத்தவரைக்கும் தண்ணி வர வைக்கிற வார்த்தை அதுதான்."

அவள் கண் முன்னால் நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்.

அதோடு விடவில்லை. ‘கேட்டது’ என்று கடைசிப் பக்கத்தில் நான் பட்டியல் போட்டிருந்த பதினாலில் பதினொன்றைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். "நீங்க ‘முறுக்கு சொல்லு, முறுக்கு சொல்லு’ன்னு சொல்லி, அவ ‘முறுக்கு சொல்லு’ன்னு சொல்லியிருக்கா. இது திருப்பிச் சொன்னது. கேட்டது இல்ல."

மிச்சம் மூன்று. மூன்றும் பிரபாவிடம் கேட்டவை.

இனிமேல் கேள்வியாகக் கேட்கக் கூடாது. "தண்ணி குடு" என்று அவள் சொல்ல வேண்டிய மாதிரியே நாம் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஜூலை 16, புதன்

இன்று மேடம் என்னையும் பிரபாவையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "பாப்பா கஷ்டம் உங்களுக்குப் புரியணும். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஏதாவது ஒண்ணு கேளுங்க. சின்னதா இருக்கட்டும்."

நான் முதலில், "ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றேன். கொடுத்தாள். சுலபம்.

பிரபாவின் முறை வந்தது. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பேனா வேணுமுங்க" என்றேன்.

"சார். அஞ்சு."

எண்ணினேன். ஐந்துக்கு மேலும் எண்ண வேண்டியிருந்தது. பன்னிரண்டு வரை போனேன். பக்கத்து அறையில் யாரோ மேளம் தட்டினார்கள்.

"எனக்கு மிக்சர் வேண்டாங்க" என்றாள் பிரபா.

"எந்த மிக்சரு?"

"ஞாயித்துக்கிழம வாங்கியாறீங்கல்ல, அது. எனக்குக் கடலை ஒத்துக்காதுங்க. ஆறு வருஷமா பால்காரருக்குத்தான் குடுக்கறேன்."

பால்காரர் என்னைப் பார்த்து ஏன் அப்படிச் சிரிப்பார் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"ரொம்ப நல்லா கேட்டீங்க" என்று மேடம் பிரபாவைப் பாராட்டினார். வேண்டாம் என்பதும் கேட்பதுதானாம். இதழினி தட்டை வீசுவது, கடிப்பது எல்லாம் பாதிக்கு மேல் ‘வேண்டாம்’ தானாம். அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் பல்லுக்கு வேலை குறையும் என்றார். என் முன்னங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. ஒன்று பருப்பு சாதத்தால் வந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். கடையில் நிற்க இடமில்லை. ஒன்றும் எழுத முடியாது.

ஜூலை 27, ஞாயிறு

தள்ளுபடிக் கூட்டம். தொண்டை போய்விட்டது. டாக்டர் இரண்டு நாள் பேசக் கூடாது என்றார்.

ஜூலை 28, திங்கள்

பேசவில்லை. லீவு போட்டு வீட்டில் இருந்தேன். இதழினியும் நானும் தூரிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று முறை ஆட்டி நிறுத்தினேன். பேச முடியாததால் சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணவும் மறந்துவிட்டேன்.

"அப்பா, ஆட்டு" என்றாள்.

ஆட்டினேன். நிறுத்தினேன். "அப்பா, ஆட்டு." ஆட்டினேன். நாற்பத்தோரு முறை. தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. பிரபா தைலம் தேய்த்துவிட்டாள். மேடம் இதில் சிவப்புப் பேனா வைக்க முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

நாங்கள் கேட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. விஜயதசமி சேர்க்கைக்கு செப்டம்பர் 17 அன்று குழந்தையை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்கவும் பாத்ரூம் கேட்கவும் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம். இதற்கு முன் போன மூன்று பள்ளிகளும் அடுத்த வருடம் என்றுகூடச் சொல்லவில்லை.

படிவத்தில் ‘குழந்தையைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியது’ என்று ஒரு இடம். நான் ‘கொஞ்சம் கூச்ச சுபாவம்’ என்று எழுதினேன். பிரபா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு ‘ஆட்டிசம்’ என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. முன்பு வேலை பார்த்த லேபில் ரிப்போர்ட் எழுதி எழுதி வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆட்டிசம். நானும் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று காலையில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மேடம் கேட்டது இதழினியின் பேச்சை மட்டும்தான்.

பிரபா தோசை ஊற்றிக்கொண்டே, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றாள். புதுச் சேலை என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஒரு தோசை வெந்து, திருப்பி, எடுத்து, அடுத்தது ஊற்றினாள்.

"நான் மறுபடி லேபுக்கு வேலைக்குப் போறேனுங்க. காத்தால ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும். இதழினிக்கு ஸ்கூல் கிடைச்சா அந்த நேரம் சரியா இருக்கும்."

"உனக்கு வேலைக்குப் போகப் பிடிக்காதில்ல?"

"யாரு சொன்னா?"

பிரபா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தாள். இதழினி வயிற்றில் இருக்கும்போது ஒரு நாள் களைப்பாக வீட்டுக்கு வந்தாள். அவள் மனசு எனக்குத் தெரியாதா? மறுநாளே நான் அங்கே போன் செய்து, அவள் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்பதற்கு முன்பே செய்துவிட்டோம் என்று அப்போது எனக்குப் பெருமை. கடையில்கூடச் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்குக் கால் வலிச்சுதுங்க. அவ்வளவுதான்" என்றாள். "செருப்பு கடிச்சுது."

தோசை கருகிவிட்டது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்றதுக்குள்ள நீங்க போனை வச்சுட்டீங்க. அப்பறம் நல்ல மனசோட செஞ்சவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது? நீங்க கெட்டவரா இருந்தாத் தேவல. கத்தியிருப்பேன்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கருகிய தோசையைத் தின்றேன். கடைக்குப் போகும்போது வாசலில் நின்று, "லேப் நம்பர் இருக்கு. நான் போன் பண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

பிரபா என்னைப் பார்த்தாள்.

"நீயே பண்ணிக்க" என்று முடித்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பண்ணிவிட்டாளாம். அக்டோபரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மிக்சர் வாங்கவில்லை. வேறு என்ன வாங்குவது என்று கடைவீதியில் இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் போன் செய்து கேட்டேன். பன்னீர் சோடா வேண்டுமாம். இத்தனை வருடத்தில் அவள் பன்னீர் சோடா குடித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு குடித்தாள்.

இதழினி: "முறுக்கு குடு", "தூரி ஆட்டு", "பருப்பு சாதம் வேண்டாம்". கடி இல்லை. தண்ணீருக்கு இன்னமும் பாதி நேரம் "வேணுமா" என்றுதான் வருகிறது. பாத்ரூம் வரவே இல்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்னும் ஒரு வாரம். பாத்ரூம் கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். மேடம் என்னை மறுபடி செருப்பு ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார். இந்த முறை யார் செருப்பையும் தொடவில்லை.

செப்டம்பர் 13, சனி

"பாத்ரூம்" என்றாள்! ஓடினோம். கொஞ்சம் தாமதம். ஆனால் கேட்டாள். தரையைத் துடைத்துக்கொண்டே பிரபாவும் நானும் சிரித்தோம்.

செப்டம்பர் 17, புதன்

எல்லாவற்றையும் முறையாக எழுதுகிறேன்.

ஸ்கூட்டரில் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைமையாசிரியை கண்டிப்பானவர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே நுழைந்ததும் இதழினி நேராக அவரிடம் போய் முந்தானையைக் கையில் எடுத்தாள்.

"வெங்காயக் கலர். ஜரிகை பார்டர். உடம்பெல்லாம் புட்டா. இங்க மிஸ்பிரிண்ட்."

அவர் முந்தானையைத் திருப்பிப் பார்த்தார். மிஸ்பிரிண்ட் இருக்கத்தான் செய்தது. "நாலு வருஷமாக் கட்டறேன், கவனிக்கலையே" என்றார். எங்கே வாங்கியது என்று அவர் சொன்னபோது அது எங்கள் கடையாக இல்லாததில் எனக்கு நிம்மதி.

"உன் பேரென்னம்மா?"

"இதழினிங்க மேடம்" என்றேன்.

"உனக்கு என்ன பிடிக்கும்?"

"தூரிங்க மேடம். முறுக்குங்க. ஆனா கைமுறுக்குதான், அச்சுமுறுக்கு..."

"சார்," என்றார் அவர், "உங்களை நான் சேத்துக்கப் போறதில்ல."

பிரபா என் காலை மிதித்தாள். எனக்குத் தெரிகிறது, நிறுத்த வேண்டும் என்று. ஆனால் பயம் வந்தால் எனக்கு வாய்தான் ஓடும். பிப்ரவரியிலிருந்து எனக்குப் பயம்தான். அதை இதுவரை இந்த டைரியில் எழுதவில்லை. இவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, நான் இருக்கும்வரை சரி. நான் இல்லாத இடத்தில் இவள் என்ன செய்வாள் என்ற பயம். அதனால் நாற்காலி நுனிக்கு வந்து, இதழினி எப்படிப்பட்ட குழந்தை, எதற்கு அழுவாள், எப்படிக் கேட்பாள், கேட்காவிட்டால் அவள் முகத்தை எப்படிப் படிப்பது என்று மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

இதழினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை எடுத்து என் வாயின் மேல் வைத்தாள்.

"அப்பா, போ."

தலைமையாசிரியையின் புருவம் உயர்ந்தது. "அப்பாவை அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

"இல்லீங்க மேடம்" என்று எழுந்தேன். "இந்த வார்த்தையை யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. அவளா கேட்டிருக்கா. கேட்டா அந்த நொடியே குடுக்கோணுமுங்க." வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

வெளியே வாட்ச்மேன் நின்றிருந்தார். "என்னுங்க, அட்மிசன் இல்லைன்னுட்டாங்களா?"

"எம் பொண்ணு என்னை வெளிய போகச் சொல்லிருச்சுங்க."

"அதைய ஏனுங்க இத்தனை சந்தோசமாச் சொல்றீங்க?"

விளக்க ஆரம்பித்தேன். கேட்பது, பெயர் சொல்வது, திருப்பிச் சொல்வது. கேள்விக்குப் பதில் சொல்வது என்ற நாலாவதுக்கு வருவதற்குள் அவர் கேட் பக்கம் வேலை இருப்பதாகப் போய்விட்டார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம்தான். பார்க்கவில்லை. இதைவிடக் கஷ்டமான வேலையை நான் பத்தொன்பது வருடத்தில் செய்ததில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து இருவரும் வந்தார்கள். பிரபாவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பயந்துவிட்டேன்.

"மேடம் டேபிள்ல தண்ணி பாட்டில் இருந்துச்சுங்க. நான் வாயே தொறக்கல. அவங்களும் தொறக்கல. இவ பாட்டிலைப் பாத்தா. அவங்களைப் பாத்தா. என்னைப் பாக்கவே இல்லீங்க. ‘தண்ணி குடு’ன்னா. முன்னப் பின்னத் தெரியாத அவங்ககிட்ட."

"வேணுமான்னு இல்லாம?"

"குடுன்னுதான்."

"பாத்ரூம்?"

"அதையும் கேட்டா. ஆனா மேடத்தோட சேர்ல உக்காந்துக்கிட்டுக் கேட்டா. அந்தச் சேரை இப்பக் கழுவறாங்க." பிரபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சேத்துக்கறாங்களாம். ஒரே ஒரு கண்டிசன் போட்டாங்க. அப்பா கேட்டுக்குள்ள வரக் கூடாதாம்."

சம்மதம் என்றேன். எழுதியும் கொடுக்கிறேன் என்றேன்.

ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். இதழினி ஏறவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது.

"பஸ்" என்றாள்.

நான் பிரபாவைப் பார்த்தேன். "பேரு சொல்றாளா, கேக்கறாளா?"

"தெரியலீங்களே."

"அப்பா, பஸ்ல ஏறு" என்றாள் இதழினி.

எங்கள் மூன்று பேருக்கும் பஸ்ஸில் ஒரு வேலையும் இல்லை. ஸ்கூட்டர் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. ஆனாலும் ஓடினோம். நான் கையைக் காட்டிக் கத்திக்கொண்டே ஓடியதில் டிரைவர் நிறுத்திவிட்டார்.

நடத்துநர் வந்தார். "அம்மாக்கும் பாப்பாக்கும் டிக்கெட் இல்லீங்க. உங்களுக்கு எங்க?"

எனக்குத் தெரியவில்லை. போர்டைப் பார்க்காமல் ஏறியிருந்தோம். "கடைசி ஸ்டாப்பு எதுங்க?"

"சித்தோடு."

"அங்கதானுங்க."

ஜன்னலோரம் இதழினி. நடுவில் பிரபா. ஓரத்தில் பாதி சீட்டில் நான். காற்றில் முடி முகத்தில் விழ, இதழினி வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டே வந்தாள். பிரபா வாய்விட்டுச் சிரித்தாள். சித்தோட்டில் எங்களுக்கு யாரையும் தெரியாது. இறங்கச் சொன்னால் இதழினி, "வேண்டாம்" என்றாள். தெளிவாகச் சொன்னாள், பல்லைப் பயன்படுத்தவில்லை. அதனால் அதே பஸ்ஸில் திரும்பினோம். இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் மறுபடி, "வேண்டாம்." மறுபடி சித்தோடு.

திரும்பி வந்து, மூன்றாவது முறை சித்தோட்டுக்கு பஸ் கிளம்பும்போது நடத்துநர் எங்கள் சீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், பிரபாவைப் பார்த்தார், இரண்டு பேரிடமும் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எங்க போகோணும் அம்முணி?"

"சித்தோடு" என்றாள் இதழினி. அவர் எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.